ஒரே மாதிரி வலை, வேறு வேறு சிலந்தி: இந்தியச் சிலந்திகளுக்கு அடையாளம் எழுதிய ரெஜினால்ட் போகாக் யார்?

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை. அந்தியூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்திலும் கரும்புத் தோட்டத்து வேலியிலும் வண்டிச் சக்கரம் மாதிரி வலைகள் பனித்துளியோடு மின்னும். நடுவில் தலைகீழாகத் தொங்குகிற எட்டுக்கால் பூச்சியை போனில் படம் எடுக்கிறோம். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. பத்தடி தள்ளி இன்னொரு வலை. அதிலும் மஞ்சளும் கறுப்பும்தான்.

ரெண்டும் ஒண்ணா? வேற வேறயா?

பார்க்க ஒன்று போல இருக்கும் உயிரினங்களைப் பிரித்துச் சொல்வதிலேயே தன் வாழ்நாளைக் கழித்த ஒருவர் இருந்தார். பெயர் ரெஜினால்ட் இன்னஸ் போகாக். இந்தியச் சிலந்திகள் பற்றி 1900இல் இவர் எழுதிய புத்தகத்தை, இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். சிங்கம், புலி, சிறுத்தை எல்லாம் ஒரே குடும்பக் கிளை என்று வகைப்படுத்தியதிலும் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே மனிதர்தான் ஒரு தோலைப் பார்த்து ஏமாந்து, இல்லாத ஒரு மிருகத்துக்குப் பெயரும் வைத்தார்.

அவர் கதை தெரிந்தால், வேலியில் தொங்கும் சிலந்தியை எப்படிப் பார்க்கணும் என்பதும் தெரிந்துவிடும்.

யார் இந்த போகாக்?

1863 மார்ச் 4ஆம் தேதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கிளிஃப்டன் பகுதியில் பிறந்தவர். அப்பா நிக்கோலஸ் போகாக் ஒரு பாதிரியார். ஆக்ஸ்போர்டில் செயின்ட் எட்வர்ட்ஸ் பள்ளியில் படிக்கும்போதே உயிரினங்கள் மேல் ஆர்வம் வந்துவிட்டது. பூச்சிகளின் எச்சரிக்கை நிறங்களைப் பற்றிப் பின்னாளில் பெயர் பெற்ற எட்வர்ட் பௌல்டன் அந்தப் பையனுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தார். ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் எலும்புகளையும் உடல் பாகங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் அனுமதி கிடைத்தது.

பிறகு பிரிஸ்டல் யுனிவர்சிட்டி காலேஜில் உயிரியலும் நிலவியலும் படித்தார். 1885இல், 22 வயதில், லண்டன் சவுத் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் பூச்சிப் பிரிவு. அடுத்து, சிலந்தி, தேள், பூரான், மரவட்டை இவற்றின் சேகரிப்பு முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்தது.

சிங்கமோ யானையோ கிடைத்திருந்தால் பெருமையாக இருந்திருக்கும். பூரான் புட்டிகளோடு உட்காரச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? ஆனா போகாக் அந்த மேஜையிலேயே 18 வருஷம் உட்கார்ந்தார். சுமார் 200 ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். மரவட்டை வகையில் மட்டும் 300 முதல் 400 இனங்களுக்கு அறிவியல் விவரணை எழுதியிருக்கிறார்.

புட்டியில் வந்த இந்தியா

அந்தக் காலத்தில் அந்தியூர், கோயம்புத்தூர் ஜில்லாவின் பவானி தாலுகாவில் இருந்த ஊர். ஈரோடு மாவட்டம் உருவானது 1979இல்தான். காடு, மலை, ரயில்வே, தேயிலைத் தோட்டம் என்று இந்தியாவில் வேலை பார்த்த பிரிட்டிஷார் பலருக்கு, ஓய்வு நேரத்தில் பூச்சி பிடிப்பது ஒரு பொழுதுபோக்கு. 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இப்படிப்பட்ட ஆட்களை ஒன்றாகச் சேர்த்தது. போகாக் அந்தக் கழகத்தின் இதழில் இந்தியச் சிலந்திகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார்.

பிடித்த சிலந்தியை சாராயத்தில் போட்டு, புட்டியில் அடைத்து, ஊர்ப் பெயர் எழுதி கப்பலில் அனுப்பிவிடுவார்கள். இதில் ஒரு சிக்கல் இருந்தது.

சாராயத்தில் ஊறினால் நிறம் வெளிறிப் போகும். பளிச்சென்ற மஞ்சள் பழுப்பாகிவிடும். வெள்ளி மாதிரி மின்னிய முதுகு மங்கிவிடும். வலை வரவே வராது. காலையில் கட்டியதா, சாயங்காலம் கட்டியதா, செங்குத்தாக இருந்ததா, படுக்கையாக இருந்ததா, எதுவும் தெரியாது. போகாக் மேஜைக்கு வந்தது வெறும் உடல் மட்டும்தான்.

அதனால் உடலையே படிக்க வேண்டியிருந்தது. எட்டுக் கண்கள் எந்த வரிசையில் இருக்கின்றன, காலில் முள் எங்கே இருக்கிறது, வயிற்றின் வடிவம் என்ன, அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று லென்ஸ் வழியாகப் பார்த்துப் பார்த்துக் குறித்தார். நிறம் போனாலும் மாறாமல் இருப்பது எதுவோ, அதுதான் நம்பகமான அடையாளம்.

இது அந்தியூர்க்காரர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் சந்தையில் மாடு வாங்கப் போகிறவர், தோல் நிறத்தை மட்டும் பார்த்துப் பணத்தை எடுக்க மாட்டார். பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், கொம்பையும் திமிலையும் பார்ப்பார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை நிறம். ஆறு மாசம் வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். இது தெரியாதவர் கன்றையும் தாயையும் வேறு வேறு சாதி மாடு என்றுதான் நினைப்பார்.

சக்கர வலைச் சிலந்திகளில் என்ன குழப்பம்?

வட்ட வலை பின்னும் சிலந்திகளின் முக்கியக் குடும்பத்தின் பெயர் அரேனிடே. உலகம் முழுக்க 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் இருக்கின்றன. இவற்றைப் பிரித்தறிவது ஏன் கஷ்டம்?

முதல் காரணம், ஆணும் பெண்ணும் ஒன்று போல இருக்காது. காட்டுப் பாதையில் குறுக்கே பெரிய வலை கட்டும் நெஃபிலா பிலிபஸ் என்ற ராட்சதச் சிலந்தியை எடுத்துக்கொள்வோம். பெண்ணின் உடல் மட்டும் 5 சென்டிமீட்டர் வரை வளரும். அதே வலையின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆண், அரை சென்டிமீட்டர் அளவுதான். பாத்தா வேற பூச்சின்னுதான் தோணும். ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று வைத்துவிட்டுப் பின்னால் திருத்தியது சிலந்தி ஆராய்ச்சியில் பலமுறை நடந்திருக்கிறது.

இரண்டாவது காரணம், வயசு. கையெழுத்துச் சிலந்தி எனப்படும் ஆர்ஜியோப் வகையில், வளர்ந்த பெண் தன் வலையில் பெருக்கல் குறி மாதிரி வெள்ளை ஜிக்ஜாக் நூல் போடும். அதே சிலந்தி குஞ்சாக இருக்கும்போது வட்டத் தட்டு மாதிரி போடுவது உண்டு. வலையை மட்டும் பார்த்தால் இரண்டு இனம் என்று தோன்றும்.

மூன்றாவது காரணம், ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் மாறும். நெஃபிலா பிலிபஸின் முதுகில் வழக்கமாக மஞ்சள் கோடு இருக்கும். ஆனா கிட்டத்தட்ட முழுக் கறுப்பாகவும் சில பிறக்கும். இந்தியாவில் நெஃபிலா குலி என்று இன்னொரு இனமும் இருக்கிறது. அது உடம்பே கறுத்து, கால் சிவந்து இருக்கும். கறுப்பாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்தால் தப்பாகிவிடும்.

நான்காவது, இதற்கு நேர் எதிரான சிக்கல். வேறு வேறு இனங்கள் ஒரே நிறத்தில் இருக்கும். ஆர்ஜியோப் அனசுஜா, ஆர்ஜியோப் புல்செல்லா இரண்டுமே மஞ்சள் பட்டை போட்டவை, இரண்டும் இந்தியாவில் உண்டு. மேலே இருந்து எடுத்த ஒரே ஒரு போட்டோவை வைத்து இவற்றைப் பிரித்துச் சொல்வது நிபுணர்களுக்கே தலைவலி.

அப்போ உறுதியான அடையாளம் எது? பெண்ணின் வயிற்று அடியில் இருக்கும் இனப்பெருக்கத் தகடும், ஆணின் முகத்தருகே இருக்கும் குட்டைக் கைகளின் நுனியும்தான். இவை பூட்டும் சாவியும் மாதிரி. ஒவ்வோர் இனத்துக்கும் வடிவம் தனி. ஆனா முழுமையாக வளர்ந்த சிலந்தியில்தான் இது தெரியும். குஞ்சுகளைப் பல நேரம் இனம் வரைக்கும் சொல்லவே முடியாது.

1900: 279 பக்கத்தில் ஒரு வழிகாட்டி

பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்கள் என்ற பெரிய புத்தக வரிசை அப்போது லண்டனில் வெளியாகிக்கொண்டிருந்தது. பறவை, பாம்பு, மீன் என ஒவ்வொன்றுக்கும் தனித் தொகுதி. சிலந்தி, தேள் வகைகளுக்கான தொகுதியை போகாக் எழுதினார். 1900இல் வெளிவந்த அந்தப் புத்தகம் 279 பக்கம். இந்தியாவோடு அன்றைய இலங்கையும் பர்மாவும் அதில் அடக்கம்.

அந்தப் புத்தகத்தின் பலம், கேள்வி பதில் மாதிரியான அடையாள அட்டவணைகள். இது இருக்கிறதா, இல்லையா? இருந்தால் இந்தப் பக்கம் போ, இல்லையென்றால் அந்தப் பக்கம் போ. இப்படி ஒவ்வொரு படியாக விலக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு பெயரில் வந்து நிற்கலாம்.

முள் சிலந்திகளை எடுத்துக்கொள்வோம். காஸ்டெரகாந்தா என்று பேர். நண்டு ஓடு மாதிரி கெட்டியான முதுகு, ஓரத்தில் ஆறு முள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள காஸ்டெரகாந்தா ஜெமினாட்டாவுக்கு 1798லேயே டென்மார்க் விஞ்ஞானி ஃபாப்ரிசியஸ் பெயர் வைத்துவிட்டார். 1900 புத்தகத்தில் போகாக், காஸ்டெரகாந்தா டாலி என்ற இன்னொரு இந்திய இனத்தைச் சேர்த்தார். இந்தக் கூட்டத்தில் நிறத்தை நம்பினால் அவ்வளவுதான். ஓட்டின் வடிவம், முள்ளின் நீளம், அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கணும்.

தேள்களும் அந்தப் புத்தகத்தில் உண்டு. மெட்ராஸ் பெயரையே தாங்கிய மதராஸ்படென்சிஸ் என்ற கருந்தேள் இனத்துக்கு அறிவியல் பெயர் வந்ததும் அதே 1900இல், போகாக் கையால்தான்.

சேலத்துச் சிலந்தி: காலைத் தூக்கிப் பார்

அந்தியூருக்குப் பக்கத்து ஜில்லாவான சேலத்துக்கும் போகாக்குக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

மரப் பொந்தில் வாழும் பெரிய, மயிர் அடர்ந்த சிலந்திகள் பொய்சிலோதீரியா என்ற பேரினம். இவை வட்ட வலை பின்னாது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் வாழ்கின்றன. 1899இல் போகாக் இந்தப் பேரினத்தை முழுசாக எடுத்து ஆராய்ந்தார். சேலம் பகுதியிலிருந்து போன ஒரு சிலந்திக்கு பொய்சிலோதீரியா ஃபார்மோசா என்று பெயர் வைத்தார். ஃபார்மோசா என்றால் லத்தீனில் அழகானது.

இந்தச் சிலந்திகளை மேலே இருந்து பார்த்தால் எல்லாமே சாம்பல், பழுப்பு, கறுப்புக் கோலம்தான். மரப்பட்டையோடு மரப்பட்டையாகக் கலந்துவிடும். வித்தியாசம் காலுக்கு அடியில் இருக்கிறது. முன்னங்காலைத் தூக்கினால் மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தெரியும். எந்தக் காலில் எந்த நிறப் பட்டை, எவ்வளவு அகலம் என்று பார்த்துத்தான் இனம் பிரிக்கிறார்கள்.

இந்தப் பிரிப்பு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. அதே 1899இல் போகாக் பெயர் வைத்த இன்னொன்று பொய்சிலோதீரியா ரெகாலிஸ். இன்றைய சர்வதேசப் பட்டியலில் ரெகாலிஸுக்கு இப்போதைக்குப் பெரிய ஆபத்து இல்லை. சேலத்து ஃபார்மோசா அழிவை எதிர்நோக்கும் இனம். ரெண்டையும் ஒன்று என்று நினைத்து ஒரு காட்டை வெட்ட அனுமதித்தால், போவது எது என்றே தெரியாமல் போய்விடும்.

மூன்றாவதாக ஒரு நீலச் சிலந்தி. ஆந்திராவில் குத்தி ரயில் நிலையத்து மரக்கட்டைக் கிடங்கில் ஒன்றே ஒன்று கிடைத்தது. அதை வைத்து போகாக் 1899இல் பொய்சிலோதீரியா மெட்டாலிகா என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2001இல்தான் ஆந்திரக் காடுகளில் மறுபடியும் கண்டுபிடித்தார்கள். ரயிலில் வந்த மரக்கட்டையோடு அது குத்திக்கு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. கிடைத்த இடமும் வாழும் இடமும் ஒன்றாக இருக்கணும்னு அவசியம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். இன்று மெட்டாலிகா மிக மோசமான ஆபத்தில் இருக்கும் இனம். இதன் நீல நிறத்துக்காக வெளிநாடுகளில் வளர்ப்புச் சந்தையும் இருக்கிறது.

சிலந்தியிலிருந்து சிங்கத்துக்கு

1904இல் போகாக் வாழ்க்கையில் பெரிய திருப்பம். அருங்காட்சியக வேலையை விட்டுவிட்டு லண்டன் மிருகக்காட்சி சாலையின் கண்காணிப்பாளர் ஆனார். 1923 வரை, 19 வருஷம் அந்தப் பொறுப்பு. 1911இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானார்.

அவர் காலத்தில்தான், முதல் உலகப் போர் நடந்த 1914 டிசம்பரில், கனடா நாட்டு ராணுவ அதிகாரி ஒருவர் ஒரு கரடிக்குட்டியை அங்கே விட்டுவிட்டுப் போர்முனைக்குப் போனார். அதன் பெயர் வின்னி. உலகக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த வின்னி த பூ கதாபாத்திரத்துக்குப் பெயர் கொடுத்த கரடி அதுதான்.

புட்டியில் செத்த சிலந்தியைப் பார்த்த கண்ணுக்கு, இப்போது உயிருள்ள மிருகங்கள் கிடைத்தன. பழக்கம் மட்டும் மாறவில்லை. மிருகத்தின் பாதம், காது மடல், மூக்கு நுனி என்று மற்றவர்கள் கவனிக்காத பாகங்களை வரைந்து குறித்தார். பூச்சிகளை மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் கொடுத்து, எதைத் தின்கிறது, எதைத் துப்புகிறது என்று சோதித்து 1911இல் கட்டுரை எழுதினார். பள்ளி நாளில் பௌல்டனிடம் படித்த பாடத்தின் தொடர்ச்சி அது.

பூனைக் குடும்பத்திலும் அதே முறைதான். சிங்கம், புலி, சிறுத்தை, வீட்டுப் பூனை, சீட்டா எல்லாவற்றையும் எப்படிப் பிரிப்பது? கோடு இருந்தால் புலி, புள்ளி இருந்தால் சிறுத்தை என்பது சின்னப் பிள்ளை கணக்கு. போகாக் தொண்டையைப் பார்த்தார். நாக்கின் அடியில் உள்ள எலும்பு அமைப்பு, கர்ஜிக்கும் பெரும்பூனைகளில் ஒரு மாதிரியும் சின்னப் பூனைகளில் வேறு மாதிரியும் இருப்பதை வைத்து 1917இல் வகைப்படுத்தினார். பெரும்பூனைகளுக்கு அவர் வைத்த பாந்தரினே என்ற துணைக்குடும்பப் பெயர் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ராஜ சீட்டா: ஏமாந்த கதை

நிறத்தை நம்பாதே என்று வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர், ஒருமுறை நிறத்தை நம்பினார்.

1920களில் அன்றைய தெற்கு ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், ஒரு விநோதமான சீட்டா தோல் கிடைத்தது. வழக்கமான சின்னப் புள்ளிகள் இல்லை. பெரிய பெரிய திட்டுகள், முதுகில் நீளமாகக் கறுப்புப் பட்டைகள். சிறுத்தையும் சீட்டாவும் கலந்து பிறந்ததா என்று கூடப் பேச்சு வந்தது.

1927இல் போகாக் அதைத் தனி இனம் என்று அறிவித்தார். அசினோனிக்ஸ் ரெக்ஸ். ரெக்ஸ் என்றால் ராஜா. அப்போது அவருக்கு 64 வயசு, உலகம் மதிக்கும் நிபுணர். அவர் சொன்னால் கேள்வி ஏது?

ஆனா ஆதாரம் தோல்தான். அது மாதிரி உடம்பு அமைப்பிலேயே வித்தியாசம் காட்டும் சான்று வரவில்லை. 1939இல் அவரே தன் முடிவைத் திரும்பப் பெற்றார்.

அவர் திருத்திக்கொண்டது சரிதான் என்பது அவர் இறந்து பல வருஷம் கழித்து நிரூபணமானது. 1981இல் தென்னாப்பிரிக்காவின் டி வில்ட் மையத்தில், சாதாரணப் புள்ளி போட்ட தாய் சீட்டாவுக்கு ராஜ சீட்டா குட்டிகள் பிறந்தன. ஒரே மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் காரணம் என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. நம்ம ஊர் கருஞ்சிறுத்தை மாதிரிதான். கறுப்பாக இருந்தாலும் அது சிறுத்தையே, தனி இனம் இல்லை.

சேலத்துச் சிலந்தியின் கால் பட்டை இனத்தைச் சொன்னது. சீட்டாவின் முதுகுப் பட்டை சொல்லவில்லை. அப்படின்னா எந்தப் பட்டையை நம்புவது? ஒன்றிரண்டு மாதிரிகளை வைத்து இதைச் சொல்ல முடியாது. பல மாதிரிகளில் அந்த அடையாளம் மாறாமல் வருகிறதா, உடல் அமைப்பும் கூடவே மாறுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். போகாக் தன் கடைசிக் காலத்தில் ஒப்புக்கொண்ட பாடம் இது.

சம்பளம் இல்லாத 24 வருஷம்

1923இல் ஓய்வு பெற்ற பிறகு போகாக் வீட்டில் உட்காரவில்லை. முன்பு வேலை பார்த்த அதே அருங்காட்சியகத்துக்குத் திரும்பினார். இந்த முறை பாலூட்டிகள் பிரிவில், தன்னார்வ ஆராய்ச்சியாளராக.

இந்தியா மறுபடி அவர் மேஜைக்கு வந்தது. புலிகள், ஆசியச் சிங்கங்கள், சிறுத்தைகள் பற்றி 1929, 1930 ஆண்டுகளில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் நீண்ட கட்டுரைகள் எழுதினார். 1900இல் சிலந்திக்கு எழுதிய அதே புத்தக வரிசையில், இந்தியப் பாலூட்டிகளுக்கு இரண்டு தொகுதிகள் எழுதினார். முதல் தொகுதி 1939, இரண்டாவது 1941. லண்டனில் குண்டு விழுந்த காலம். அவருக்கு வயசு 78.

1947 ஆகஸ்ட் 9ஆம் தேதி, 84 வயதில் லண்டனில் இறந்தார். ஆறு நாள் கழித்து இந்தியா சுதந்திரம் அடைந்தது. அவர் புத்தகத் தலைப்பில் இருந்த பிரிட்டிஷ் இந்தியா என்ற நாடு இல்லாமல் போனது. உள்ளே இருந்த சிலந்திகள் அப்படியே இருந்தன.

அந்த வேலையை இந்தியர்கள் தொடர்ந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த பி.கே.திகாதர், 1982இல் சக்கர வலைச் சிலந்திகளுக்கென்றே தனித் தொகுதி கொண்டுவந்தார்.

நம்ம தோட்டத்தில் எப்படிப் பார்ப்பது?

போகாக்கிடம் உடல் இருந்தது, வலையும் நிறமும் இல்லை. நம்மிடம் வலையும் நிறமும் இருக்கிறது, லென்ஸ் அடியில் உடல் இல்லை. அவருக்குக் கிடைக்காததை நாம் கவனமாகக் குறித்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் வலை. செங்குத்தான வலையில் பெருக்கல் குறி மாதிரி வெள்ளை நூல், சிலந்தி கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்திருக்கிறது என்றால் ஆர்ஜியோப். வெயிலில் பொன் நிறமாக மின்னும் பெரிய வலை என்றால் நெஃபிலா. வலை நடுவில் ஒரு கோடாகக் குப்பையை அடுக்கி, அதற்குள்ளேயே ஒளிந்திருந்தால் சைக்ளோசா. கூடாரம் மாதிரி படுக்கையாக, ஒட்டாத நூலால் நெருக்கிப் பின்னியிருந்தால் சிர்டோஃபோரா. வலையின் மையத்தில் ஓட்டை, வலை சாய்ந்தோ படுத்தோ இருக்கிறது, சிலந்தி ஒல்லியாக நீண்டிருக்கிறது என்றால் அது வேறு குடும்பம். நீள்தாடைச் சிலந்தி.

இரண்டாவது, நேரம். நியோஸ்கோனா வகையில் பல, பொழுது சாயும்போது வலை கட்டி, விடியும்போது பிரித்துவிடும். காலையில் காணோம் என்றால் சிலந்தி ஓடிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பக்கத்து இலைக்குள் சுருண்டிருக்கும்.

மூன்றாவது, படம். முதுகை மட்டும் எடுத்தால் போதாது. அடிப்பக்கம், பக்கவாட்டு, முகம் என்று நாலு கோணம் வேண்டும். ஆர்ஜியோப் வலையின் மறுபக்கம் போய் நின்றாலே வயிறு தெரியும். அளவு தெரிய அருகில் விரலைக் காட்டி எடுக்கலாம், தொட வேண்டாம். சக்கர வலைச் சிலந்திகளால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை. மரப் பொந்துச் சிலந்தி கடித்தால் வலி கடுமையாக இருக்கும்.

நான்காவது, லென்ஸ் இருந்தால் தலைப்பகுதியின் நடுவில் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். நீளவாக்கில் கோடாக இருந்தால் பொதுவாக நியோஸ்கோனா. குறுக்குவாக்கில் இருந்தால் அரேனியஸ். பழுப்பு நிறத்தில் ஒன்று போலவே இருக்கும் இந்த இரண்டு பேரினத்தையும் பிரிக்க இது நல்ல வழி.

கடைசியாக, ஊர், தேதி, எந்தச் செடி, எவ்வளவு உயரம் என்று எழுதி வையுங்கள். குத்தி ரயில் கிடங்குச் சிலந்தியின் கதை ஞாபகம் இருக்கட்டும்.

இவ்வளவு பார்த்தும் இனம் தெரியவில்லையா? ஆர்ஜியோப், இனம் உறுதியில்லை என்று எழுதுவதில் எந்தக் கேவலமும் இல்லை. தப்பான பெயரை விட அரைப் பெயர் மேல்.

இப்போது ஏன் இது முக்கியம்?

அந்தியூர், கோபிசெட்டிபாளையம் தாலுகாக்களின் காடுகளைச் சேர்த்து, சுமார் 80,000 ஹெக்டேரில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயத்தைத் தமிழக அரசு அறிவித்தது. மாநிலத்தின் 18ஆவது சரணாலயம் இது. பர்கூர் மலையும் இதற்குள் வருகிறது. யானை, புலி, காட்டெருமை கணக்கு எப்படியும் வந்துவிடும். சின்ன உயிர்களின் கணக்கு அப்படி வராது. யாராவது பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சிலந்தி இனங்கள் 2022இலேயே 50,000ஐத் தாண்டிவிட்டன. இன்னும் பெயர் இல்லாதவை எத்தனையோ. ஒரு காட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எது குறைகிறது என்று தெரியும். இரண்டு இனத்தை ஒன்று என்று எழுதிவிட்டால், அதில் ஒன்று அழிந்தாலும் பட்டியலில் குறை தெரியாது. ஒன்றை இரண்டு என்று எழுதினால், இல்லாத ராஜாவைத் தேடி அலைய வேண்டியதுதான்.

இரண்டு தப்பும் எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று போகாக்குக்குத் தெரியும். ஒன்றை மற்றவர்கள் எழுத்தில் பார்த்தார், இன்னொன்றைத் தானே செய்தார். அடுத்த முறை கரும்புத் தோட்டத்து வேலியில் மஞ்சள் பட்டைச் சிலந்தியைப் பார்த்தால், ஒரு நிமிஷம் நின்று வலையின் அந்தப் பக்கமும் போய்ப் பாருங்கள்.